காலாவதி நாள் அச்சிடாத பெட்டி

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டி வடக்கே 17 கிலோமீட்டர் வந்தால் ரஞ்சன்குடி. பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் இறங்கும் ஊர். 2025 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரோட்டோர டீக்கடையில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க. பத்தாயிரத்துச் சொச்சந்தான். விண்டோஸ் போட்டே வருதாம். கீபோர்டும் கூட ஒட்டிக்கிற மாதிரி இருக்கு. பாப்பா பெரம்பலூர்ல பி.காம் சேர்ந்திருக்கு. லேப்டாப் கேக்குது. இதயே வாங்கிப் போட்றலாமா?"

பதினைந்து வருடங்களாகக் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் நான். "வேண்டாம்ண்ணே" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவர் கையில் இருந்தது அந்த வருடத்து மக்காச்சோளப் பணம். காரணம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அன்று அரைமணி நேரம் பேசியது போதவில்லை. அவரைப் போலவே கேட்டுக்கொண்டிருக்கும் பலருக்கும் சேர்த்து, இந்தக் கேள்வியை அடியிலிருந்து ஆராய்ந்து எழுதுகிறேன்.

முதலில், ஆசை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். டேப் என்றால் படம் பார்ப்பது, பாடம் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும். பத்தாயிரம் ரூபாய்க்கு நல்ல ஆண்ட்ராய்டு டேப் கிடைக்கிறது. பிறகு ஏன் விண்டோஸ் டேப்? வேலை விண்டோஸில் இருப்பதால்தான். பி.காம் படிக்கும் பெண்ணுக்கு டேலி வேண்டும். எக்செல்லில் முழுமையாக வேலை பழக வேண்டும். டிடிபி வேலை பார்க்கிறவருக்கு வானவில், பாமினி எழுத்துருக்கள் வேண்டும். பழைய தட்டச்சு முறையில் பழகிய விரல்கள் அவருடையவை. கணக்குத் தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தால் டிஜிட்டல் கையொப்பச் சாவியைச் செருக வேண்டும். அரசுத் தட்டச்சர் வேலைக்குக் கணினி அலுவலகப் பயிற்சித் தேர்வு எழுதியாக வேண்டும். இவற்றில் எதையும் போன் செயலியை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் செய்ய முடியாது. ஆகவே "விண்டோஸ் போட்டே வருதாம்" என்று அவர் சொன்னதில் அறியாமை எதுவும் இல்லை. தேவை சரியானது. அந்தத் தேவைக்கு இந்தப் பெட்டி ஈடுகொடுக்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

மலிவான கையடக்கப் பெட்டிக்குள் முழுக் கணினியை அடைத்துவிடும் கனவு நம் நாட்டுக்குப் புதிதல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் முன்னின்று உருவாக்கிய சிம்ப்யூட்டர், லினக்ஸில் இயங்கிய கையடக்கக் கணினி; 2004-ல் சந்தைக்கு வந்து, வந்த சுவடு தெரியாமல் போயிற்று. பிறகு 2011-ல் இரண்டு அரசுகள் இருபது நாள் இடைவெளியில் இரண்டு வெவ்வேறு வழிகளைத் தேர்ந்தெடுத்தன. செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் அருகே காக்களூரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அக்டோபர் 5 அன்று டெல்லியில் மத்திய மனிதவள அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் டேப்லட்டை வெளியிட்டார்.

ஆகாஷின் விலை சுமார் 2,250 ரூபாய். உலகமே வியந்தது. உள்ளே இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம், அழுத்தினால்தான் உணரும் திரை. மறு ஆண்டு நவம்பரில் வந்த ஆகாஷ்-2 எவ்வளவோ தேறியது. அதற்குள் ஐஐடி பம்பாயில் ஒரு குழு செய்த வேலை இந்தக் கட்டுரைக்கு நேரடியாகப் பொருந்தும். ஆண்ட்ராய்டு மட்டும் போதாது, மாணவர்கள் சைலேப், பைத்தான் போன்றவற்றைப் பழக வேண்டும் என்று, அதே ஆகாஷில் முழு லினக்ஸ் டெஸ்க்டாப்பை ஓட வைத்தார்கள். டெஸ்க்டாப் இயங்குதளம் கொண்ட மலிவு டேப்லட் என்ற எண்ணத்தின் மிக மலிவான வடிவம் அதுதான். முயற்சி நேர்மையானது. ஆனால் ஏழு அங்குலத் திரையில், 512 எம்பி ரேமில், விசைப்பலகை இல்லாமல் எந்த மாணவன் எத்தனை நாள் நிரல் எழுதுவான்? ஆகாஷ் திட்டம் சில ஆண்டுகளில் ஓய்ந்தது.

தமிழக அரசு கொடுத்த மடிக்கணினியின் கதை வேறு. முதல் சுற்றில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி வன்தட்டு, 14 அங்குலத் திரை. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரண்டும் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பையன்களுக்கு அதுதான் முதல் வருத்தம். குறைகள் இருந்தன. ஆனாலும் அந்த லேப்டாப்புகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டு, இன்னொரு ரேம் குச்சியைச் செருகினால் பத்து வயதுக் கணினி திரும்ப எழுந்து உட்காருகிறது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. அவற்றில் கொஞ்சமாவது இன்னும் ஒரு மளிகைக் கடையிலோ ஜெராக்ஸ் கடையிலோ வேலை செய்துகொண்டிருப்பது, அவற்றைத் திறக்க முடிகிறது என்பதால்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விண்டோஸ் டேப் மலிவானது எப்படி? 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் தானே செய்த சர்ஃபேஸ் ஆர்டி 499 டாலர். பெயரில் விண்டோஸ் இருந்தது. பழைய விண்டோஸ் நிரல் எதுவும் அதில் ஓடாது. விற்காமல் தேங்கியதில் 2013-ல் அந்த நிறுவனம் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. அடுத்த ஆண்டு வழி மாறியது. 2014 ஏப்ரலில், 9 அங்குலத்துக்குக் குறைவான திரை கொண்ட சாதனங்களுக்கு விண்டோஸ் உரிமம் இலவசம் என்று அறிவித்தார்கள். 1 ஜிபி ரேமும் 16 ஜிபி சேமிப்பும் இருந்தாலே போதும் என்று விண்டோஸ் 8.1-ஐச் சுருக்கினார்கள். மறுபக்கம் இன்டெல், போன், டேப் சந்தையில் கால் ஊன்ற முடியாத தவிப்பில், ஆட்டம் சில்லுகளை உற்பத்தியாளர்களுக்குச் சலுகை கொடுத்துத் தள்ளியது. அந்த ஆண்டு 4 கோடி டேப்லட் என்று இலக்கு வைத்து 4.6 கோடியை எட்டியது. அதன் மொபைல் பிரிவுக்கு அதே ஆண்டில் நஷ்டம் 420 கோடி டாலர்.

அதாவது நமக்குக் கிடைத்த மலிவு விலை, இரண்டு பெரிய நிறுவனங்கள் தங்கள் பையிலிருந்து போட்ட பணம். அந்தப் பணம் நிற்கும் நாளில் அந்தச் சாதனங்களைக் கவனிக்கவும் ஆள் இருக்காது. அப்படியே நடந்தது. 2016 ஏப்ரலில் இன்டெல் அந்த வரிசையின் அடுத்த சில்லுகளைக் கைவிட்டது.

அந்த இரண்டு மூன்று வருடங்களில் இந்தியச் சந்தையில் வந்தவை எண்ணற்றவை. 2014-ல் நோஷன் இங்க் நிறுவனத்தின் கெய்ன். 2015-ல் மைக்ரோமேக்ஸ் கேன்வாஸ் லேப்டேப் 14,999 ரூபாய். 2016 மே மாதம் ஐபால் காம்ப்புக் 9,999. இது டேப்லட்டின் உள்ளுறுப்புகளை 11.6 அங்குல லேப்டாப் உடம்பில் வைத்தது. பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே குடும்பம்: இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப், 2 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. அந்தச் சில்லு 2 ஜிபிக்கு மேல் ரேமை ஏற்கவே ஏற்காது. வெளிநாட்டில் இதைவிடவும் இறங்கினார்கள்; எச்பி ஸ்ட்ரீம் 7 வெறும் 99 டாலர், ரேம் 1 ஜிபி.

2015-ல் நானும் ஒன்று வாங்கினேன். துபாயிலிருந்து ஊருக்கு வந்த உறவினர் கொண்டுவந்தது; எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை, உள்ளே எல்லாம் ஒன்றுதான். முதல் மாதம் அதைக் கையில் வைத்திருப்பதே பெருமையாக இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து எக்செல் திறந்தேன். வீட்டுக்கு வந்து டிவியோடு இணைத்தேன். மின்விசிறி இல்லை, சத்தம் இல்லை, ஆறேழு மணி நேரம் பேட்டரி நின்றது. அந்தக் கணத்தில் யாராவது கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

பிறகு கணக்கு தொடங்கியது. பெட்டியில் 32 ஜிபி என்று போட்டிருந்தது, விண்டோஸுக்குள் 30-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. உற்பத்தியாளர் 1,000-ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். அதில் விண்டோஸும், பழுதானால் மீட்பதற்கான பகுதியும் சேர்ந்து பாதியை எடுத்துக்கொண்டன. ஆபீஸ் போட்டேன், மூன்று ஜிபி. பிரவுசர், அதன் தற்காலிகக் கோப்புகள், பிரிண்டர் டிரைவர். கையில் மிஞ்சியது எட்டோ ஒன்பதோ. அந்தச் சமயத்தில் விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட் வந்தது. அதை இறக்கி விரித்து வைக்கவே எட்டு முதல் பத்து ஜிபி வெற்றிடம் வேண்டும். படங்களை அழித்தேன். ஆபீஸைக் கழற்றினேன். கடைசியில் வெளியே ஒரு பென் டிரைவைச் செருகச் சொல்லி அதுவே கேட்டது. செருகுவதற்கு ஒரே ஒரு மைக்ரோ யூஎஸ்பி துளைதான் இருந்தது, சார்ஜரும் அதில்தான். ஓடிஜி கேபிளில் பென் டிரைவைப் போட்டால் சார்ஜ் ஏறாது. சார்ஜ் போட்டால் பென் டிரைவ் இருக்காது. அப்டேட் முடிய நான்கு மணி நேரம். பேட்டரி மூன்று மணி நேரத்தில் தீர்ந்தது. பாதியில் நின்றது. திரும்ப எழுந்தபோது பழைய பதிப்புக்கே போயிருந்தது. மறுநாளிலிருந்து தானாகவே மறுபடி இறக்க ஆரம்பித்தது. என் மாதாந்திர டேட்டா மூன்றே நாளில் காலி.

இது எனக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். அடுத்த வருடம் கடைக்கு வந்த டேப்கள் எல்லாம் இதே வியாதியோடு வந்தன. "சி டிரைவ் ஃபுல்னு வருதுண்ணே", "தொட்டா ஹேங் ஆகுதுண்ணே." மெமரி கார்டு போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துப் பலர் 64 ஜிபி கார்டு வாங்கி வந்தார்கள். கார்டில் படமும் பாட்டும் வைக்கலாம். விண்டோஸ் தன் அப்டேட்டை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளாது. 2019-க்குப் பிறகு விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்டால், அப்டேட்டுக்கென்றே சுமார் 7 ஜிபியைத் தனியாக ஒதுக்கிப் பூட்டிவைத்தது. மைக்ரோசாஃப்ட் செய்த நியாயமான தீர்வுதான் அது. 32 ஜிபிக்காரனுக்கு அதுவும் சுமையாகவே முடிந்தது.

ரேம் விஷயம் நீட்டத் தேவையில்லை. விண்டோஸ் 10 விழித்து உட்காரவே ஒரு ஜிபிக்கு மேல் வேண்டும். மிச்சத்தில் பிரவுசரில் நான்கு பக்கம் திறந்தால் மூச்சு முட்டும். ரேம் போதாதபோது கணினி சேமிப்பகத்தை ரேம் போலப் பயன்படுத்தப் பார்க்கும். இஎம்எம்சி என்பது போனில் இருக்கும் வகைச் சேமிப்பு. எழுதும் வேகம் எஸ்எஸ்டியின் பக்கத்தில்கூட வராது. அதனால்தான் ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வர முடிகிறது. அந்த இஎம்எம்சி மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. அது செத்தால் போர்டு போயிற்று. போர்டு மாற்றுவதற்கு ஆகும் செலவில் புதுசே வாங்கிவிடலாம்.

விரலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விண்டோஸ் மவுஸ் நுனிக்காக வளர்ந்தது. எட்டு அங்குலத் திரையில் ஜன்னலை மூடும் பெருக்கல் குறி ஒரு பருப்பளவுகூட இருக்காது. திரை விசைப்பலகை எழுந்து வந்தால் பாதித் திரை மறைந்துவிடும். எந்தக் கட்டத்தில் எண்ணை நிரப்புகிறோம் என்பதே தெரியாது. தமிழ் 99 முறையில் தட்டச்சுப் பழகியவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அதன் அழகே பார்க்காமல் பத்து விரலாலும் அடிப்பது. கண்ணாடியில் அதற்கு வழியில்லை. ஆக, விசைப்பலகை கட்டாயம் என்று ஆகிறது. அது வந்தவுடன் மடியில் நிற்காத, பின்னால் சாயும், லேப்டாப்பைவிட வசதி குறைந்த ஒரு லேப்டாப் கையில் இருக்கும். நல்ல நிறுவனங்களிலும் இதே கதை. 2018-ல் சர்ஃபேஸ் கோ 399 டாலருக்கு வந்தபோது விசைப்பலகைக்குத் தனி விலை வைத்தார்கள்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்லலாம். மெதுவாக ஓடினாலும் ஓடுகிறதே என்று. கிராமத்துக்காரர்களுக்குப் பொறுமை அதிகம். பழைய டிராக்டரை முப்பது வருடம் ஓட்டுகிறவர்கள் நாங்கள். ஆனால் டிராக்டருக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. டிராக்டர் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அதே வேலையைத்தான் இன்றும் செய்கிறது. டெஸ்க்டாப் இயங்குதளம் வருடா வருடம் பருக்கிறது. பெட்டி அப்படியே இருக்கிறது. ஒரு நாள் உறவு அறுந்துவிடும், அந்த நாளை நிர்ணயிப்பது நாம் இல்லை.

வரிசையாகப் பாருங்கள். 2012–13-இல் வந்த க்ளோவர் டிரெயில் வகை ஆட்டம் டேப்களை மைக்ரோசாஃப்ட் 2017-லேயே புதிய விண்டோஸ் 10 பதிப்புகளிலிருந்து ஒதுக்கியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2023 ஜனவரி வரை தரப்பட்டன. அதே ஜனவரியில் விண்டோஸ் 8.1-இன் ஆயுளும் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. அதன்பின் தனிநபர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 கேட்பது: 64-பிட் செயலி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, 9 அங்குலத்துக்கு மேற்பட்ட திரை. 2014-ல் 9 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் உரிமம் இலவசம் என்றார்கள். ஏழு வருடம் கழித்து 9 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் உள்ளே வராதே என்றார்கள். அன்று அந்த அளவை நம்பி வாங்கியவன் என்ன செய்வான்?

நிரல்களும் கூடவே விலகின. அந்த டேப்களில் இருந்தது 32-பிட் விண்டோஸ். மேட்லேப் 2016-லேயே 32-பிட்டை விட்டது. ஆட்டோகேட் 2020 பதிப்பிலிருந்து விட்டது. பொறியியல் படிக்கும் பையனுக்கு முழு விண்டோஸ் இருந்தும் அவன் பாடத்துக்கு வேண்டியது மட்டும் ஓடாது.

"விண்டோஸ்தானே பிரச்சினை, லினக்ஸ் போட்டு ஓட்டலாமே" என்பார்கள் நண்பர்கள். நானே அந்தக் கட்சிதான். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் நடக்கின்றன, பிள்ளைகள் குறைந்துபோய்விடவில்லை. ஆனால் இந்த டேப்களில் லினக்ஸ் ஏற்றுவது தனிப் போராட்டம். செயலி 64-பிட், அதை எழுப்பும் தொடக்க மென்பொருளோ 32-பிட். சாதாரண லினக்ஸ் பென் டிரைவைச் செருகினால் அதை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. டெபியன் இந்தக் கலப்புக்கென்றே தனி நிறுவல் கோப்பு வைத்திருந்தது. அதைப் போட்டு உள்ளே போனால் வைஃபை வராது. அந்த ரியல்டெக் சில்லுக்கான டிரைவர் லினக்ஸ் கருவுக்குள் சேர்ந்ததே 2017-ல்தான். தொடுதிரை வேலை செய்யாது, ஒவ்வொரு மாடலுக்கும் தனிக் கோப்பு தேடிப் போட வேண்டும். என் டேப்பில் மூன்று இரவுகள் உட்கார்ந்து ஏற்றினேன். ஒலி மட்டும் கடைசிவரை வரவில்லை. இப்போது அது கடையில் சுவரில் மாட்டிய பட்டியல் பலகையாக, எந்தச் சாதனம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல உழைப்பாளிதான் அது. ஒரு கல்லூரிப் பெண்ணிடம் இந்த மூன்று இரவுகளை எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

பழுது என்று வரும்போது ஊரின் தூரம் கணக்கில் வருகிறது. லேப்டாப் என்றால் பெரம்பலூரிலேயே பார்க்கலாம், மிஞ்சினால் திருச்சி. சார்ஜர், கீபோர்டு, பேட்டரி, டிஸ்பிளே எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து இரண்டு நாளில் பார்சல் வந்துவிடும். மலிவு டேப்பின் பேட்டரி பசை போட்டு ஒட்டியது. எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரை வீட்டில், இரவெல்லாம் சார்ஜரில் கிடந்தால் மூன்றாவது வருடம் உப்பி, திரையை மேலே தள்ளும். அதே அளவு பேட்டரிக்குத் தேடினால் மாடல் நின்றுபோயிருக்கும். செய்த நிறுவனமே அந்த வரிசையை மூடியிருக்கும். மேலே சொன்ன இந்தியப் பெயர்களின் டேப்களுக்கு இன்று உதிரிபாகம் கேட்டு யாராவது வந்தால் என் பதில் ஒரு கைவிரிப்புதான்.

இன்றைய நிலவரம் 2015 போலவே இருக்கிறதா? இல்லை, நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2023-ல் வந்த இன்டெல் என்100 என்ற சிறிய செயலி, பழைய ஆட்டத்தோடு ஒப்பிட்டால் வேறு பிறவி. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு அதை வைத்துச் சீன நிறுவனங்கள் பத்தங்குல விண்டோஸ் டேப்களைச் செய்கின்றன. விண்டோஸ் 11 தாராளமாக ஓடும். ஆனால் விசைப்பலகையோடு, இறக்குமதி வரியோடு கூட்டிப் பார்த்தால் அது பத்தாயிரத்தில் நிற்காது. ஒரு சாதாரண லேப்டாப் விலைக்கு வந்துவிடும். சர்வீஸ் சென்டர் கேட்டால் இந்தியாவிலேயே இருக்காது. 2023 ஆகஸ்டில் லேப்டாப், டேப் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு அறிவித்து, நவம்பரிலிருந்து அனுமதி முறைக்குள் கொண்டுவந்த பிறகு, தெரியாத நிறுவனங்களின் வரத்து இன்னும் நிச்சயமற்றதாகிவிட்டது. இன்னொரு பக்கம் 2023 ஜூலையில் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக் போன்றவை. தோற்றம் டெஸ்க்டாப், அடியில் ஆண்ட்ராய்டு வழி வந்த ஜியோஓஎஸ், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி. எழுதவும் படிக்கவும் சரி. நம் விவசாயியின் மகளுக்கு வேண்டிய டேலி அதில் விண்டோஸில் போல ஓடாது. பத்தாயிரத்துச் சொச்சத்தில் இணையத்தில் இன்றும் விண்டோஸ் டேப் என்று கண்ணில் படுபவற்றைத் துருவிப் பார்த்தால், பெரும்பாலும் பழைய 32 அல்லது 64 ஜிபிச் சரக்கு, இல்லையென்றால் புதுப்பித்து விற்பது.

இந்த விவாதத்தில் தமிழக அரசே எந்தப் பக்கம் போனது என்பது கவனிக்க வேண்டியது. 2025 மார்ச் 14 அன்று நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவரவர் விருப்பப்படி கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய். டேப் தருவதா லேப்டாப் தருவதா என்ற கேள்வி சட்டமன்றத்திலேயே இருந்தது. பின்னர் தமிழக அரசு நிறுவனமான எல்காட் கோரிய டெண்டர் லேப்டாப்புக்கு: 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 14 அல்லது 15.6 அங்குலத் திரை, விண்டோஸ் 11, கூடவே பாஸ் லினக்ஸ். 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கினார்கள். ஒரு மாணவருக்கான குறைந்தபட்ச அளவு என்ன என்பதற்கு இதைவிடப் பொதுவான அளவுகோல் நம்மிடம் இல்லை. இருபது லட்சம் பேருக்கு வாங்கும் அரசு 8 ஜிபிக்குக் கீழே போகவில்லை என்றால், ஒரே ஒரு பிள்ளைக்கு வாங்கும் தகப்பன் ஏன் 2 ஜிபிக்குப் போக வேண்டும்?

டீக்கடைக்காரரிடம் இரண்டாவது டீ சொல்லிவிட்டு, அன்று அந்த அண்ணனுக்கு நான் கொடுத்த வழி இது. கம்பெனிகள் வாடகை முடிந்து கழிக்கும் அலுவலக லேப்டாப்புகள் கிடைக்கின்றன. கெட்டியான உடம்பு. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலி அல்லது அதற்குப் பிந்தையது என்று கேட்டு வாங்க வேண்டும். அதற்கு முந்தையது என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. 8 ஜிபி ரேம், 256 எஸ்எஸ்டி. எங்கள் கடைப் பழக்கத்தில் பதினைந்திலிருந்து இருபதாயிரத்துக்குள் முடிந்துகொண்டிருந்தது. 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியிருப்பதால் இப்போது அதில் கொஞ்சம் கூடலாம். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கீபோர்டில் எல்லா எழுத்தையும் ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும். பில் வாங்க வேண்டும்.

அவ்வளவு பணம் இப்போது இல்லை, பாடக் காணொளியும் பிடிஎஃப்பும் போதும் என்றால், அதே பத்தாயிரத்துக்கு ஒரு ஆண்ட்ராய்டு டேப். ஐந்நூறு ரூபாய் ப்ளூடூத் கீபோர்டு. அதற்கும் அப்டேட் ஒரு நாள் நிற்கும். ஆனாலும் அது தன்னால் முடிந்த வேலையைத்தான் வாக்குக் கொடுக்கிறது. டேலியை நான்கு நாள் கல்லூரி லேபில் பழகட்டும், பணம் சேரும்போது லேப்டாப் வாங்கலாம்.

மலிவு விண்டோஸ் டேப் யாருக்குமே ஆகாதா? ஒரே நிரலை மட்டும் ஓட்டும் இடத்துக்கு ஆகும்: எடைமேடையில் சீட்டு அடிக்க, பில்லிங் மேசையில் நிற்க, சிசிடிவி பார்க்க. இணையத்தோடு அதிகம் உறவில்லாத, யாரும் புதிதாக எதுவும் ஏற்றாத வேலைகள். வீட்டில் ஏற்கெனவே நல்ல கணினி இருந்து, கையோடு எடுத்துப் போக இரண்டாவதாக ஒன்று வேண்டும் என்பவரும், 8 ஜிபி, எஸ்எஸ்டி உள்ளதை விலை தெரிந்து வாங்கலாம். ஒரு மாணவரின் முதலும் ஒரே கணினியுமாக அது இருக்கக் கூடாது.

அண்ணன் கடைசியாக ஒன்று கேட்டார். "பூச்சி மருந்து வாங்கினா டப்பாவுல தேதி போட்டிருக்கான். விதை வாங்கினா பையிலயே எத்தனை சதம் முளைக்கும், எதுவரைக்கும் செல்லும்னு சீட்டு தைச்சிருக்கான். பத்தாயிரம் ரூபா சாமானுக்கு இதுல எங்க தம்பி போட்டிருக்கு?"

எங்கும் போடவில்லை. ஐம்பது ரூபாய் மருந்துக்கு உற்பத்தி நாளும் காலாவதி நாளும் கட்டாயம். பொட்டலமிட்டுச் சில்லறையில் விற்கும் பொருளுக்கு அதிகபட்ச சில்லறை விலை அச்சிடுவது கட்டாயம். இயங்குதளம் எந்த மாதம் எந்த வருடம்வரை பாதுகாப்புத் திருத்தம் பெறும், அடுத்த பதிப்பை இந்தப் பெட்டி ஏற்குமா, வாங்குகிறவருக்கு உண்மையில் மிஞ்சும் காலி இடம் எத்தனை ஜிபி என்ற மூன்று விவரங்களும் செய்கிறவருக்குத் தெரியும். அவற்றை அட்டைப்பெட்டியின் மேல், விலைக்குப் பக்கத்தில், தமிழிலும் அச்சிட வேண்டும் என்று விதி கொண்டுவர மத்திய நுகர்வோர் துறையால் முடியும். அதுவரை, வாங்கப் போகிறவர்கள் இந்த மூன்று கேள்விகளையும் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் பணத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.